சத்திரத்துப் பத்தியச் சோறு

1799-ல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும்தான். அந்த நிலையிலும் 1801-ல் கும்பினியின் ரெசிடென்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மன்றாடியது ராமேசுவரம் போகும் சாலையிலிருந்த சத்திரங்களுக்காக. அங்கே நடப்பதை விவரமாக எழுதியிருக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு போட்டது எல்லோருக்கும் தெரியும். அதோடு, நோயோடு வந்தவருக்கு மருந்தும், அந்த நோய்க்கேற்ற பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை மரியாதையான கவனிப்பும் கிடைத்தன. ஏழைக் கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்த்து, பிள்ளைக்குப் பாலும் கொடுத்தார்கள்.

ஒரத்தநாட்டில் வரலாற்றுப் பாடம் நடத்திய காலத்தில், 1802-ல் எழுந்த முக்தாம்பாள் சத்திரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். பத்தியச் சோற்றின் அருமை தெரிந்தது என் பேரனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்த பிறகு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்தார். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயை இன்று பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டம் முடிந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வருடம் வீட்டில் மாத்திரை உண்டு. அந்த இரண்டு வருடமும் அம்மாதான் நர்ஸ்.

மெர்காப்டோப்யூரின் மாத்திரை தினமும் ராத்திரி. மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்; மறந்துபோய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. என் மகள் தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாள்களை மட்டும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தாள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுச்சாமத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்காகத் துணிமணியும் ரிப்போர்ட்டுகளும் வைத்த பை எப்போதும் கதவோரம் இருந்தது. பழைய சோறு கூடாது, ஆற்றுக் குளியல் கூடாது. வைக்கோலில் பூஞ்சை இருக்கும் என்பதால் அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கமே போகக் கூடாது. நெல்லோடு வாழும் ஊரில் ஒரு சிறுவனை இப்படிக் கட்டிக்காப்பது லேசான காரியமில்லை.

பார்க்க வந்த சொந்தமெல்லாம் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக் கண்கலங்கியது. "நீ சாப்பிட்டியாம்மா?" என்று என் மகளைக் கேட்டது எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர்தான்.

துணைக்கு இருப்பவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று ரயிலில் இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு. வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தத் தாய்க்கு அப்படி எதுவும் இல்லை. சத்திரம் செய்த வேலையை இனி தெருதான் செய்ய வேண்டும்.

உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், சளி பிடித்திருக்கும் நாளில் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். சுடச்சுடச் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோய் வாசலில் கொடுங்கள். அந்த வீட்டின் மற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். "ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு, வண்டி எடுக்கிறேன்" என்று அந்தத் தாயிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.