ஜேடு: ஒரே பெயரில் இரண்டு கற்கள் – பழஞ்செதுக்கல்களில் இனங்காணல்

ஜேடு என்பது ஒரே கல்லின் பெயர் அன்று. நெஃப்ரைட், ஜேடைட் என்னும் இரு வேறு கற்களுக்கு வழங்கும் பொதுப்பெயர் ஆகும். இரண்டும் பச்சை, வெள்ளை, சாம்பல், கருமை எனப் பல நிறங்களில் கிடைக்கின்றன. இரண்டையும் மெருகேற்றிக் கிண்ணங்கள், கைப்பிடிகள், உருவங்கள் செய்துள்ளனர். வெறும் கண்ணுக்கு அவை ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஒரு பழம்பொருள் இவற்றுள் எந்தக் கல்லால் ஆனது என்பதை அறிந்தால், அது எந்த வழியில் வந்தது, எந்தக் காலத்தது என்பதற்கும் தடயம் கிடைக்கும்.

பெயர் வந்த வழி

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் நடு அமெரிக்காவிலிருந்து ஒருவகைப் பச்சைக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அது இடுப்பு வலியையும் சிறுநீரக நோயையும் தீர்க்கும் என்று நம்பப்பட்டதால் 'இடுப்புக் கல்' எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயரைப் பெற்றது. அதிலிருந்தே ஜேடு என்னும் சொல் பிறந்தது. நெஃப்ரைட் என்னும் சொல்லும் சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே.

பின்னர் சீனாவிலிருந்து வந்த செதுக்கல்களுக்கும் ஐரோப்பியர் இதே பெயரை இட்டனர். 1863இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சி தமூர் வேதியியல் பகுப்பாய்வின் மூலம், இப்பெயரில் இரு வேறு கற்கள் அடங்கியுள்ளன என்று காட்டினார். புதிதாகப் பிரித்தறிந்த கல்லுக்கு அவர் ஜேடைட் என்று பெயரிட்டார். நெஃப்ரைட் கால்சியமும் மக்னீசியமும் கொண்ட ஆம்பிபோல் இனத்தது. ஜேடைட் சோடியமும் அலுமினியமும் கொண்ட பைராக்சீன் இனத்தது.

இந்தியாவில் ஜேடு

இந்தியாவில் ஜேடுச் செதுக்கல் முகலாயர் காலத்தில் உச்சம் பெற்றது. அவர்கள் பயன்படுத்தியது நெஃப்ரைட். இன்றைய சீனாவின் சிஞ்சியாங் பகுதியிலுள்ள கோத்தான் அதற்குப் புகழ்பெற்ற இடம். அங்குள்ள யுருங்காஷ், கராகாஷ் என்னும் ஆறுகளின் பெயர்களுக்கே வெண் ஜேடு, கரும் ஜேடு என்பது பொருள். பாரசீக மொழியில் இக்கல்லுக்கு யஷ்ம் என்று பெயர்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஷாஜகானின் மதுக்கிண்ணம் 1657ஆம் ஆண்டினது; வெண்ணிற நெஃப்ரைட்டால் ஆனது. அதன் அடி தாமரை வடிவிலும் கைப்பிடி ஆட்டுத் தலை வடிவிலும் அமைந்துள்ளன. லிஸ்பனில் உள்ள குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண் ஜேடுக் குடுவை உள்ளது. 15ஆம் நூற்றாண்டுத் தைமூரிய மன்னர் உலுக் பெக்கின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜகாங்கீர், ஷாஜகான் பெயர்களும் பின்னர்ப் பொறிக்கப்பட்டன. நம் நாட்டில் இத்தகைய பொருள்களைக் காண விரும்புவோர் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்குள்ள ஜேடுத் தொகுப்பில் இல்துத்மிஷ் பெயர் பொறித்த புத்தகத் தாங்கியும் ஷாஜகானின் வில்லாளி மோதிரமும் இடம்பெற்றுள்ளன.

ஜேடைட்டின் வரலாறு வேறு. ஆசியாவில் அதன் முதன்மையான இருப்பிடம் வட பர்மாவின் கச்சின் பகுதி. அங்கிருந்து அது சீனாவுக்குப் பெருமளவில் செல்லத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே 'ஜகாங்கீர் காலத்துக் கிண்ணம்' என்று விற்பனைக்கு வரும் ஒரு பொருள் ஜேடைட்டாக இருந்தால், அந்தக் கூற்றை உடனே ஐயுற வேண்டும். அதேவேளையில், நெஃப்ரைட்டாக இருப்பதாலேயே ஒரு பொருள் பழையது ஆகிவிடாது. நெஃப்ரைட்டை இன்றும் செதுக்குகிறார்கள். கல்லின் இனம் ஒரு பொய்யை மறுக்க உதவும். பழமையை அது மட்டும் நிறுவாது.

இனங்காணும் முறைகள்

முதலில் கண்ணால் நோக்கல். நெஃப்ரைட்டின் உள்ளே மிக நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் அது எளிதில் உடையாது. தாள்போல் மெல்லிய சுவருடைய கிண்ணங்களையும் அதில் குடைய முடிந்தது. மெருகேற்றிய பின் அதன் மேற்பரப்பு எண்ணெய் பூசியதுபோல் மங்கலாக மின்னும். ஜேடைட் கற்கண்டு போல மணிமணியான அமைப்புடையது. அதன் மெருகு பெரும்பாலும் கண்ணாடியை ஒத்திருக்கும். உருப்பெருக்கியில் சிறு பள்ளங்களும் ஆங்காங்கே பளிச்சிடும் மணிகளும் தெரியலாம்.

அடுத்தது எடை. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அடர்த்தியின் பயன் புதிதன்று. உப்புநீரில் மிதவைமானியை இட்டு அளந்தால் சுமார் 25 டிகிரி அளவில் உப்பு படியத் தொடங்குவதைக் காணலாம். நீர் பார்வைக்கு ஒன்றுதான். அடர்த்தியே அதன் நிலையைச் சொல்கிறது. கல்லுக்கும் இது பொருந்தும். பொருளைக் காற்றில் ஒருமுறையும், நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் அமிழ்த்தி மறுமுறையும் நிறுக்க வேண்டும். காற்றில் கண்ட எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 295 கிராம் பொருள் நீரில் 100 கிராம் குறைந்தால் ஒப்படர்த்தி 2.95, அது நெஃப்ரைட்டுக்கு உரியது. 334 கிராம் பொருள் 100 கிராம் குறைந்தால் 3.34, அது ஜேடைட்டுக்கு உரியது. இது பள்ளியில் படிக்கும் ஆர்க்கிமிடிசு தத்துவமே.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. முகலாயப் பொருள்கள் பலவற்றில் தங்கக் கம்பியும் மாணிக்கமும் பதித்திருப்பார்கள். தங்கத்தின் அடர்த்தி மிக அதிகம் என்பதால் கணக்குப் பிழையாகும். நீர் பதிப்பு வேலையைக் கெடுக்கவும் கூடும். அத்தகைய பொருள்களுக்கு ஒளிவிலகல் எண்ணைப் பார்ப்பர். நெஃப்ரைட்டுக்கு அது சுமார் 1.61, ஜேடைட்டுக்கு 1.66. அருங்காட்சியகங்கள் ராமன் நிறமாலை ஆய்வையும் பயன்படுத்துகின்றன. அதில் பொருளுக்குச் சேதம் இல்லை.

கத்தியால் கீறிப் பார்ப்பதைப் பழம்பொருளில் ஒருபோதும் செய்யக்கூடாது. கையில் குளிர்ச்சியாக இருக்கிறது, தட்டினால் மணிபோல் ஒலிக்கிறது என்பவை சான்றாகா. வேறு கற்களும் அப்படியே இருக்கும்.

ஜேடு போலத் தோன்றுபவை

பாம்புக்கல் எனப்படும் செர்பென்டைன் ஜேடைவிட மென்மையானது. ஒப்படர்த்தி சுமார் 2.6. 'இந்திய ஜேடு' என்று வணிகத்தில் சொல்லப்படும் அவென்சுரின் உண்மையில் குவார்ட்சு. அதனுள் பச்சை அபிரகத் துகள்கள் மின்னும். நம் வீட்டுக் கல்சட்டிக்குரிய மாக்கல் நகத்தாலேயே கீறுபடும் அளவுக்கு மென்மையானது. கண்ணாடியில் காற்றுக் குமிழிகள் தெரியக்கூடும். தமிழில் பெரிய பச்சைக்கல் எதையும் மரகதம் என்று சொல்வது வழக்கம். மரகதமோ பெரில் இனக் கல். அதன் ஒப்படர்த்தி சுமார் 2.7. வழிபாட்டில் ஒரு பொருளுக்குள்ள மதிப்பு இப்பெயர்களால் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆனால் பதிவேட்டில் எழுதும்போது கல்லின் சரியான பெயர் வேண்டும்.

சரியான பெயர் தரும் வரலாறு

தென்கிழக்காசியக் கடற்கரைகளில் கிடைத்த பழைய பச்சைக்கல் காதணிகள் பலவற்றை ஆய்வாளர்கள் நுண்பகுப்பாய்வு செய்து, அவை தைவான் தீவின் நெஃப்ரைட் என்று 2007இல் அறிவித்தனர். தாய்லாந்தின் காவ் சாம் கேயோ என்னும் இடத்தில் அந்தத் தைவான் கல்லும், இந்தியத் தொழில்நுட்பத்தில் செய்த கல்மணிகளும் சேர்ந்தே கிடைத்துள்ளன. அதே நாட்டின் குவான் லூக் பாட்டில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்த பொற்கொல்லர் உரைகல் ஒன்றும் கிடைத்தது. அதனால் இக்கடல்வழிகளில் தமிழ்க் கைவினைஞரும் சென்றுவந்ததை அறிகிறோம். அந்தக் காதணிகளை வெறும் 'பச்சைக்கல்' என்று எழுதி வைத்திருந்தால், அவை எங்கிருந்து புறப்பட்டன என்பது தெரியாமலே போயிருக்கும்.

பொன்னின் தரத்தை உரைகல் சொல்லும். ஜேடுக்கு அப்படி ஒரே ஓர் உரைகல் இல்லை. மெருகு, உள்ளமைப்பு, ஒப்படர்த்தி, ஒளிவிலகல் எண் ஆகியவை ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும். மாணவர்கள் ஒரு பழஞ்செதுக்கலைப் பற்றி எழுதும்போது நிறத்தோடு நிறுத்தாமல் எடை, அளவு, சோதித்த முறை ஆகியவற்றையும் குறித்துவைப்பது நல்லது. பொருள் களவுபோனாலும், பெயர் மாற்றி விற்கப்பட்டாலும், அக்குறிப்பே அதை அடையாளம் காட்டும்.