வெற்று நிலம் என்னும் சொல்

கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் ஓர் அடி கெடும். வரலாற்றில் ஒரு சொல் பிழைத்தால் ஓர் இனமே கண்ணுக்குப் படாமல் மறைந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்குநோக்கி விரிந்த கதையைப் பற்றி அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் வாதம் இதற்குத் தக்க சான்று. சொல்லை எடைபோட்டுப் பழகிய நம் வட்டத்தாருக்கு அவ்வாதம் அயலானதன்று.

1893ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவையும் அதையொட்டியே கூடியது. அதற்கு இரு திங்களுக்கு முன், ஜூலை 12 அன்று, அதே நகரில் கூடிய வரலாற்றறிஞர் மாநாட்டில் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்னும் 31 வயதுப் பேராசிரியர் ஒரு கட்டுரை படித்தார். அதுவரை அறிஞர் பலர் அமெரிக்க மக்களாட்சியின் வேரைப் பண்டை ஜெர்மானியக் காடுகளில் தேடிக்கொண்டிருந்தனர். டர்னர் அதை மறுத்தார். மேற்கே வெறுமையாய்க் கிடந்த நிலமும், அதைத் தேடி நகர்ந்த குடியேறிகள் எல்லைப்புறத்தில் வாழ்வை மீண்டும் மீண்டும் புதிதாய்த் தொடங்கியதுமே அந்நாட்டின் பண்பையும் மக்களாட்சியையும் வார்த்தன என்றார். அயல்நாட்டு வேரைத் தேடியவர்களைச் சொந்த மண்ணைப் பார்க்கச் செய்தது அவரது சாதனை. அரை நூற்றாண்டுக் காலம் அவர் கருத்தே பாடமாக நின்றது.

ஆனால் அந்த ‘வெறுமை’ எப்படி வந்தது? எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என்று 1890ஆம் ஆண்டின் குடிக்கணக்கு கூறியதை வைத்தே டர்னர் தம் கட்டுரையைத் தொடங்கினார். சதுர மைலுக்கு இருவரேனும் வாழாத நிலம் குடியேறாத நிலம் என்பது அக்கணக்கின் அளவுகோல். செவ்விந்தியர் என்று நாம் பள்ளியில் படித்த தொல்குடிகளுள் வரி செலுத்தாதோர் அந்தப் பொதுத்தொகையில் சேர்க்கப்படவில்லை. அதே 1890, டிசம்பர் 29இல், தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் லக்கோட்டா மக்கள் பெண்டிர் பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிலம் வெறுமையாய் இருந்ததன்று, வெறுமையாக்கப்பட்டது.

டர்னரின் சித்திரம் ஒரே நாளில் கலையவில்லை. 1921இல் ஹெர்பர்ட் போல்ட்டன் தெற்கிலிருந்து நோக்கினார். ஆங்கிலேயர் வருமுன்பே ஸ்பானியர் ஊரும் கோட்டையும் சமயநிலையமும் அமைத்திருந்த எல்லைநாடுகள் அவர் எழுத்தில் தெரிந்தன. 1950இல் ஹென்றி நாஷ் ஸ்மித், மேற்கு என்பது நிலமாக மட்டுமின்றிக் கதைகளும் மலிவுப் பதிப்பு நாவல்களும் கட்டிய தொன்மமாகவும் இருந்ததைக் காட்டினார். எழுதுவோர் நெஞ்சைத் தொடவேண்டிய இடம் இது. அத்தொன்மத்தைக் கட்டியவர்களில் நம் தொழிலினரும் உண்டு. 1970இல் நூலகராயிருந்த டீ பிரவுன், தொல்குடிகளின் பக்கம் நின்று அக்கதையைச் சொன்ன நூல் பெருந்திரளான வாசகரை உலுக்கியது.

பேட்ரிஷியா லிமெரிக் 1987இல் சொல்லையே மாற்றினார். ‘எல்லைப்புறம்’ நகர்ந்து முடிந்துபோன ஒன்று. ‘வெற்றிகொள்ளல்’ என்று சொன்னால் வென்றவர் யார், தோற்றவர் யார், நிலமும் நீரும் இன்று எவர் கையில் என்னும் வினாக்கள் எழும். அவ்வழக்கு 1890இல் முடியவில்லை என்பதே அவர் வாதம்.

ரிச்சர்ட் ஒயிட் 1991இல் வேறொரு வாயிலைத் திறந்தார். பேரேரிகளைச் சூழ்ந்த நாட்டில் 1650 முதல் 1815 வரை, பிரெஞ்சுக்காரரும் அல்கோங்கிய மக்களும் ஒருவரையொருவர் வெல்ல இயலாத நிலையில், ஒருவர் வழக்கத்தை மற்றவர் தவறாகப் புரிந்துகொண்டும்கூடப் பொதுவான நடைமுறைகளைப் படைத்தனர். ‘நடுநிலம்’ என்று அதற்குப் பெயரிட்டார். பிழையான மொழிபெயர்ப்பும் உறவை வளர்க்கும் என்பதை மொழிபெயர்ப்பில் தோய்ந்தோர் அறிவர். ஆனால் ஒரு தரப்பின் கை ஓங்கியதும் அந்நிலம் இல்லாமற்போயிற்று.

2008இல் பின்லாந்தில் பிறந்த பெக்கா ஹமலைனன் திசையையே திருப்பினார். தென்சமவெளியில் கொமான்சியர் அப்பாச்சியரைத் தள்ளி விரிந்தனர். ஸ்பானியரும் மெக்சிகரும் அவர்களுக்கு அஞ்சிப் பரிசில் கொடுத்து அமைதி தேடினர். அங்கே விரிந்தவர் கொமான்சியர். எல்லையில் நின்றவர் ஐரோப்பியர். தோற்றவரை அழுபவராக மட்டுமே காட்டுவதும் அவரைச் சிறுமைப்படுத்துவதே என்று இந்நூல் உணர்த்துகிறது. எனினும் ஓர் ஐயம் எனக்கு உண்டு. அவர்களின் ஆட்சியைப் ‘பேரரசு’ என்றழைக்கும்போது நாம் மதிப்பளிக்கிறோமா, நமது அளவுகோலையே அவர்கள்மேல் மீண்டும் சார்த்துகிறோமா?

வூண்டட் நீ நிகழ்ந்து நூறாண்டு கழிந்து, 1990இல், அமெரிக்கப் பேரவை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. சான்றுகள் புதிதாய்க் கிடைத்ததால் மட்டும் வரலாறு மாறுவதில்லை. அது பார்ப்பவர் நிற்கும் இடத்தாலும், எடுத்தாளும் சொல்லாலும் மாறுகிறது. பத்தாண்டுகள் சொல்லோடு வாழ்ந்த நாம் அடுத்த கவிதையில் ‘பாழ்நிலம்’ என்றோ ‘ஆளில்லா வெளி’ என்றோ எழுதுமுன், அங்கே எவரேனும் இருந்தார்களா என்று ஒருகணம் கேட்டுக்கொள்வோமாக.