வாசல்மொழிக்கு ஓர் உரை

மூலம்: "வாங்கய்யா, உக்காருங்க. தண்ணி குடிங்க. ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும். போனது போகட்டும், மனசுல வச்சுக்காதீங்க."

இவ்வாசகம் திண்டுக்கல் நகரத்தும் அதனைச் சூழ்ந்த வேடசந்தூர், சாணார்பட்டி, ஆத்தூர், நிலக்கோட்டைச் சமவெளி ஊர்களினும் வழங்குவது. ஏட்டில் ஏறாதது, ஆசிரியர் பெயர் அறியப்படாதது. மாமியாரிடம் மருமகள் கேட்டு, அவளிடம் அவள் மகள் கேட்டு, வாய்வழியே வந்தது. ஏட்டில் ஏறாமையின் இதனை எளிதென்று கருதுவாரும் உளர். ஒரு சொல்லும் இடம் பெயர்த்து வைக்கலாகாத இதன் திட்பத்தை நோக்குவார் அங்ஙனம் கருதார்.

இது சொல்லப்படும் இடம் முதற்கண் அறியற்பாலது. பங்குக் கிணற்றில் மோட்டார் முறை பற்றியோ, வரப்புப் பற்றியோ பிணங்கிப் பல்லாண்டு பேச்சற்றுப்போன பங்காளிகள் இருவர். அவருள் தவறு செய்தார் எனப்பட்டவர் ஒருநாள் மற்றவர் வாசலில் வந்து நிற்கின்றார். காதுகுத்துக்கு அழைக்க வந்திருக்கலாம். துக்கம் கேட்க வந்திருக்கலாம். வந்த காரியத்தை அவர் வாய்திறந்து சொல்லுமுன் அவ்வீட்டு மூத்தவள் கூறுவது இவ்வாசகம். 'சொல்லுமுன்' என்பதை மாணாக்கர் இறுகப் பற்றுக. பின்வரும் பொருளெல்லாம் அதன்மேல் நிற்கும்.

வாங்கய்யா: 'வாருங்கள் ஐயா' என்பதன் மரூஉ. ஒருவரைப் பன்மையாற் கூறியது உயர்வு பற்றி. ஐயா என்பது விளி. மூத்தார்க்கு மதிப்பும் இளையார்க்கு வாஞ்சையும் பயக்கும்.

பிணக்கில் முதற்கண் கெடுவது விளியே. பிணங்கினாரை முறைசொல்லி அழைப்பதை உலகத்தார் விட்டுவிடுவர். 'அந்தாளு' என்பர், 'மேலத்தெருக்காரன்' என்பர். பெரியப்பன் மகன் மேலத்தெருக்காரன் ஆயினமையே பகையின் முதற்குறி. கெட்டது எதுவோ அதனையே முதற்சொல்லாக மீட்டுத் தந்தது இவ்வாசகம். இந்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சென்று மீண்டார் கொள்ளும் குறைகளுள் தலையாயது, "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்பது. சோறிடாமையைப் பொறுப்பர்; இவ்வொரு சொல் இன்மையைப் பொறார். ஆதலின் இச்சொல் உபசாரம் மாத்திரையன்று. வந்தவரை ஆள் என ஏற்றமையைக் காட்டுவது என்க.

இச்சொல்லின் வலிமைக்கு இந்நாட்டு வரலாறும் சான்று. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், சிவகங்கை அரசி வேலுநாச்சியார் புகலடைந்தது இம்மாவட்டத்து விருப்பாச்சியில். பாளையக்காரர் கோபால நாயக்கர் அவரை ஏற்றார். தோற்றவர்க்கு இடங்கொடுத்தல் வென்றவர் பகையை விலைகொடுத்து வாங்குதலாம் என அறிந்தும் ஏற்றார். எட்டாண்டு கழித்து 1780-ல் நாச்சியார் தம் நாடு மீட்டார். அண்மைக்காலத்தும் ஒன்றுண்டு. இலங்கைத் தமிழர் உறையும் முகாம்களை 'அகதிகள் முகாம்' என வழங்கியது தமிழக அரசு. 2021-ல் அப்பெயரை விடுத்து 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. மறு ஆண்டு செப்டம்பரில் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 321 வீடுகள் அவர்க்குத் திறக்கப்பட்டன. பெயர் முன்னும் வீடு பின்னுமாக நின்ற முறை நோக்குக. மூலத்தும் விளியே முன், மனைக்குள் இருத்தல் பின்.

உக்காருங்க: 'உட்காருங்கள்' என்பது. நின்று பேசுவார் போவாராவர். அமர்ந்து பேசுவார் தங்குவாராவர். ஆதலின் இச்சொல் காலத்தைக் கொடுத்தது. மூத்தவள் இதனைச் சொல்லும்போதே தோளில் கிடக்கும் முந்தானையால் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டி, மின்விசிறியின் சுவிட்சைப் போடுவாள். சொல்லும் செயலும் ஒருங்கு நிகழ்தல் இவ்வாசகத்துக்கு இயல்பு.

இனி, 'இன்ன இடத்து' என விதவாமை ஓர்க. திண்ணையில் என்றிலள், கீழே என்றிலள், வெளியே என்றிலள். இந்நாட்டில் இவ்விடப்பெயர்களால் நேர்ந்த இழிவு சிறிதன்று. ஒருசாராரைக் கட்டிலின்மேல் இருத்தி ஒருசாராரைத் தரையில் இருத்திய வீடுகளும், ஒருசாரார்க்கு வேறு குவளை வைத்த தேநீர்க்கடைகளும் இருந்தன. அவ்வாசலில் இவ்வாசகம் சொல்லப்பட்டதாகக் கொள்ளற்க. ஒலி ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. இடம் வரையாது சொல்லும் வாயே இதனைச் சொல்லத்தகும் வாய். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே 1947-ல் தோற்றுவித்த காந்திகிராமத்தில் எச்சமயத்தாரும் ஒருங்கமர்ந்து வழிபடும் சர்வசமயப் பிரார்த்தனையை அன்றாட ஒழுக்கமாக வைத்தனர். 'உக்காருங்க' என்பதற்கு இந்நிலத்தில் எழுதப்பட்ட உரைகளுள் அதனையும் ஒன்றாக எண்ணலாம்.

தண்ணி குடிங்க: இதுவே வாசகத்தின் உயிர்நிலை. 'தண்ணி' தண்ணீர். 'குடிக்கிறீர்களா' என வினவாது 'குடிங்க' என ஏவினாள். வினவின் வந்தவர் 'வேண்டாம்' என்பார். வேண்டாம் என்றபின் அவர் நாணமே அவரைத் தடுக்கும். ஏவலால் அந்நாணத்துக்கு வழி அடைத்தாள். சொல்லி முடியுமுன் சொம்பு கைக்கு வரும். இடக்கை வலக்கையின் முழங்கையைத் தொட, வலக்கையால் நீட்டப்படும்.

நீரின் அருமை இந்நிலத்தார்க்குச் சொல்லவேண்டா. மேற்கே பழனிமலையும் கிழக்கே சிறுமலையும் நிற்க, இடைப்பட்ட சமவெளி வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்வது. குடகனாறு ஆண்டில் பலதிங்கள் மணலாகக் கிடக்கும். திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த தோல்பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகள் கரித்துப்போன ஊர்கள் உள. ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கம் வற்றிய ஆண்டுகளில் நகர்ப்பெண்டிர் குடங்களை வரிசைவைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். அவ்வாறு பெற்ற குடத்திலிருந்து பிணங்கினவர்க்கு ஒரு சொம்பு முகந்தாள் என்றால், உள்ளதன் மிச்சத்தைத் தந்தாளல்லள், இல்லாததிலிருந்து தந்தாள்.

இன்னும் ஆழமுண்டு. பகை முற்றியவர் இந்நாட்டில் சொல்லும் சூளுரை, "அவங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்பது. கை நனைத்தல் உண்டல். 'பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்' என்பது அதனினும் கடிது. எனவே, நீட்டிய சொம்பு வந்தவர் தாகத்தை நோக்கியது மட்டுமன்று. அவர் எப்போதோ சினத்தில் உரைத்த சூளையும் நோக்கியது. அச்சூளை அவள் அறிவாள். ஊரார் வாய்வழி அவள் செவிக்கு அது வந்தே இருக்கும். 'அன்று அப்படிச் சொன்னீரே' என நினைவூட்டாது, சூள் முறியுங்கால் முறிந்ததென அவரே அறியாவண்ணம் முறித்தாள். ஒரு மடக்கு உள்ளே சென்றபின் பழைய பகையில் நிற்றல் அவர்க்கும் அரிது. மன்னித்தற்றொழில் இவ்விடத்தே நடந்துமுடிந்தது. நாவினால் உரைப்பது பின்னரே வரும்.

ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்: 'வாய்' ஈண்டு ஆகுபெயராய் ஒருவாய் கொள்ளும் அளவினதாகிய உணவைக் குறித்தது. ஒரு வாய் என்றாள் ஆயினும் அவ்வளவில் நில்லாள். சிறுமை கூறி அழைத்துப் பெருக இடுதல் இந்நாட்டு மரபு. 'போகணும்' போகவேண்டும். 'தான்' தேற்றம். தேற்றத்தைப் போதலின்மேல் வையாது 'சாப்பிட்டு' என்னும் எச்சத்தின்மேல் வைத்தமையால், போதற்கு உண்டலே வாயில் என்பது பெற்றாம். போவதை அவள் மறுத்திலள் என்பதும் அறிக. தங்கியே ஆகவேண்டும் என வற்புறுத்தின் அன்பு பாரமாகும். வந்தவர்க்கு வேலை இருக்கும், வெளியே வண்டி நிற்கும்.

திண்டுக்கல் என்றவுடன் சீரகச்சம்பாப் பிரியாணியை நினைப்பார் பலர். இவ்வாசகத்துச் சோறு பெரும்பாலும் அதுவன்று. முன்னறியாது வந்தவர்க்கு இடுவது அன்று வீட்டில் உள்ளதே: சோறு, ரசம், ஒரு துவையல், வாய்ப்பின் ஒரு முட்டை.

பெருகச் சமைக்கும் நாளும் இவ்வூர்க்குண்டு. முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவில், வேண்டுதல் நிறைவேறியவர் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் காணிக்கையாகக் கொணர்ந்து கொட்டுவர். யாருடைய ஆடு, யாருடைய அரிசி என்னும் வேறுபாடு அண்டாவில் மறையும். சமயம் பாராது, ஊர் பாராது, வந்தார்க்கெல்லாம் விருந்து இடப்படும். பிணங்கிய இருவர் அப்பந்தியில் அடுத்தடுத்து அமர நேர்வதும் உண்டு. அங்கே இலை மாறி உட்காரவும் இயலாது. இவ்வாசகத்தின் நான்காம் தொடர் ஊரளவிற் பெருகின் அத்திருவிழாவாம் எனலாம்.

போனது போகட்டும்: 'போனது' வினையாலணையும் பெயர், ஒன்றன்பால். நிகழ்ந்தன பல: வெட்டிய வரப்பு, அறுத்த மோட்டார் வயர், பேசிய பேச்சு, கூடாத காதுகுத்து. இத்துணையும் எண்ணிச் சொல்லாது ஒருமையுள் அடக்கினாள். எண்ணின் கணக்காகும், கணக்காயின் மறுகணக்கும் வரும். 'நீங்கள் செய்தது' என்னாது 'போனது' என்றமையால் எழுவாயாகிய ஆள் மறைந்தார். செய்தவரும் இலர், செய்யப்பட்டவரும் இலர். போனது ஒன்றே உளது. 'போகட்டும்' வியங்கோள். வாசகம் முழுதும் நோக்கினும் 'மன்னித்தேன்' என்னும் சொல் இல்லை. அது சொல்வாரை உயர்த்திக் கேட்பாரைத் தாழ்த்தும் சொல்லாதலின் மூத்தவள் அதனைத் தொட்டிலள்.

அற்றேல், தவறு ஒப்புக்கொள்ளாதார்க்கு இங்ஙனம் விடுதல் தீமைக்கு ஊக்கமாகாதோ எனின்: இறந்தகாலம் நோக்குக. 'போனது' என்றாள், 'போய்க்கொண்டிருப்பது' என்றிலள். முடிந்த தீங்கே இவ்விதிக்கு உரியது. வரப்பு இன்னும் வெட்டப்படின் சர்வேயரை அழைத்து அளத்தலும், அடி இன்னும் விழின் காவல்நிலையம் செல்லலும் இவ்வாசகத்துக்கு மாறல்ல. குடித்துவிட்டு நாளும் அடிக்கும் கணவனைப் பொறுக்குமாறு ஒரு பெண்ணிடம் இத்தொடரைச் சொல்வார், வினைக்காலம் அறியாது சொல்லினாராவர். அவர் சொல் கொள்ளற்க. அரசு செய்த பெருங்கொடுமைகளுக்கும் விதி வேறு. தென்னாப்பிரிக்காவில் 1996-ல் விசாரணை தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், செய்ததை முழுதும் ஊரறியச் சொன்னவர்க்கே பொதுமன்னிப்பு என்னும் விதியைக் கொண்டது. புதைக்கப்பட்டார் எங்கே என அறியாத தாயர் இருக்கும்வரை அங்கே 'போனது' எனற்கு இடமின்று. வீட்டுவாசலிலோ நடந்தது இருவர்க்கும் தெரியும். மறைந்து கிடப்பது யாதுமில்லை. ஆதலின் ஒப்புதல் கேட்கப்பட்டிலது. வந்து நின்றமையே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது.

மனசுல வச்சுக்காதீங்க: 'மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்பது. எதிர்மறை ஏவல். ஈண்டு ஓர் ஐயம் எழும்: தீங்குற்றவள் இவள்; மனத்தில் வைக்கக் காரணமுடையாளும் இவள். அங்ஙனமிருக்கத் தீங்கு செய்தாரை நோக்கி 'வைத்துக்கொள்ளாதீர்' என்றது என்னையெனின், அதுவே இவ்வாசகத்தின் நுட்பம். தன் மனத்தில் உள்ளதைச் 'சொம்பு நீட்டியபோதே விட்டேன்' எனச் சொல்லவேண்டாதாயினாள். எஞ்சியது வந்தவர் நெஞ்சிற் கிடக்கும் உறுத்தல். பல்லாண்டு அதனைச் சுமந்தே இத்தெருவைச் சுற்றிப்போனார். இவ்வீட்டு வழியே வந்தால் எளிதாகும் பேருந்து நிறுத்தத்துக்கும் மேலத்தெரு வழியே நடந்தார். அச்சுமையை இறக்கச் சொன்னாள். அன்றியும், குற்றம் இருபாலும் உண்டென்பது போலக் கூறியமையால், 'எங்கள் பக்கத்தும் ஏதேனும் பேச்சுப் பிசகியிருக்கும்' என்பது குறிப்பாற் பெறப்படும்.

'வச்சு' என்பதோடு நில்லாது 'வச்சுக்க' எனக் 'கொள்' என்னும் துணைவினை கூட்டியதும் வறிதன்று. அது தன்பொருட்டுச் செய்தலை உணர்த்தும். பிறர் வைத்த சினம் தானே ஆறும்; தாமே தமக்கென எடுத்துவைத்துக்கொண்ட சினமும் நாணமும் எளிதில் ஆறா.

ஈற்றிலுள்ள இவ்விரு தொடர்களையும் முதலில் வைத்து, நீரும் சோறும் பின் இடுவாரும் உளர். அப்பாடம் சிறவாது. வந்தவர் இன்னும் நின்றுகொண்டிருக்கையில் 'போனது போகட்டும்' எனின், போனது யாது என நினைவூட்டியதாகும். உண்டு, இலை மடித்து, கை கழுவி, அவர் துண்டில் கை துடைக்கும்போது சொல்வதே சிறந்தது என மூத்தோர் சொல்வர். வேறு சிலர் ஈற்றில், "அடுத்தவாட்டி பிள்ளைகளயும் கூட்டிட்டு வாங்க" எனக் கூட்டி வழங்குவர். அது கொள்ளத்தகும், பிள்ளைகள் சித்தப்பன், பெரியப்பன் என்னும் முறைகளைக் கல்லாது வளர்ந்தமை அதனால் தீரும்.

வந்தவர் கூறும் மறுமொழி மூலத்தில் இல்லை. இல்லாமை குறையன்று. அவரும் தப்பு எனச் சொல்லின் நன்று, சொல்லாதுபோயின் வற்புறுத்தற்க. உண்ணுங்கால் தாமே இலையை முன்னிழுத்து, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மதினி" என முறைசொல்லிக் கேட்பாராயின், அதனையே மறுமொழியாகக் கொள்க.