கள்ளுக்கு ஏன் அக்டோபர் விழா இல்லை?

செப்டம்பர் கடைசி ஆனா போதும், பெங்களூரு பப்கள்லயும் சென்னை ஸ்டார் ஹோட்டல்கள்லயும் 'அக்டோபர்ஃபெஸ்ட்' போஸ்டர் வந்துடும். நீலம் வெள்ளை கட்டம் போட்ட துணி, கைப்பிடி வெச்ச பெரிய கண்ணாடி மக். இந்த விழாவோட வரலாறைத் தேடிப் போனேன். அது என்னைக் கொண்டுவந்து விட்ட இடம், நம்ம தூத்துக்குடி தேரிக்காடு.

முதல்ல ஜெர்மனி. 1810 அக்டோபர் 12-ல பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் கல்யாணம். அஞ்சு நாள் கழிச்சு ம்யூனிக் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில குதிரைப் பந்தயம். அந்தக் கொண்டாட்டம்தான் வளர்ந்து பியர் திருவிழா ஆச்சு.

ஆனா பியருக்கும் இலையுதிர் காலத்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழசு. 1553-ல பவேரியாவில ஒரு உத்தரவு போட்டாங்க: ஏப்ரல் 23-லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் பியர் காய்ச்சக் கூடாது. வெயில்ல சரக்கு கெட்டுப்போகும், காய்ச்சுற அடுப்பால தீ விபத்தும் வரும். அதனால மார்ச் மாசமே கொஞ்சம் கெட்டியா காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில இறக்கி வெச்சாங்க. இதுக்குப் பேரே 'மேர்ட்சன்', அதாவது மார்ச் பியர். மிச்சம் இருந்ததை இலையுதிர் காலத்துல குடிச்சு முடிச்சாங்க. சேமிச்சு வைக்க முடிஞ்சதாலதான் அந்த சீசன் உருவாச்சு.

இப்ப திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் வாங்க. சிவப்பு மணல், கண்ணுக்கு எட்டின வரைக்கும் பனை. இங்க சீசன் கோடைதான். பங்குனி, சித்திரை, வைகாசி. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல அதுக்கும் கடல் அமைதியா இருக்கிற இதே மாசங்கள்தான். பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி, தினமும் மரம் ஏறணும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவலேன்னா சில மணி நேரத்துல தானா நுரைச்சுக் கள் ஆயிடும்.

சிக்கல் இங்கதான். நம்ம வெயில்ல கள்ளை நாள் கணக்குல வைக்க முடியாது, புளிச்சுடும். சித்திரையில இறக்கினதை ஐப்பசியில குடிக்க வழியே இல்லை. ஐப்பசி இங்க அடைமழைக் காலம் வேற. ஆனா நம்மாளுங்களும் சேமிக்கக் கத்துக்கிட்டாங்க, வேற மாதிரி. பதநீரை விடிலியில பெண்கள் மணிக்கணக்கா காய்ச்சி, சிரட்டையில ஊத்தி எடுத்தா கருப்பட்டி. ஜெர்மன்காரன் நிலவறையில செஞ்ச வேலையை இங்க அடுப்பு செஞ்சுது.

அப்போ கள்ளு? மதுவிலக்கு 1937-ல சேலத்துல தொடங்கி, 1948-ல மாகாணம் முழுக்க வந்தது. அதுக்கப்புறம் பல தடவை தளர்ந்துச்சு, திரும்ப இறுகுச்சு. கடைசியா 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அதுக்கு முன்னாடியே 1983-ல டாஸ்மாக் நிறுவனம் வந்தாச்சு. கள்ளுல மயக்க மருந்து கலக்குறாங்க, ஏழைக் குடும்பம் பாழாகுதுங்கிறது தடைக்குச் சொல்ற காரணம். அதை நான் லேசா எடுத்துக்கல. குடியால நாசமான வீடுகள் நம்ம எல்லார் தெருவுலயும் இருக்கு.

ஆனா இதைக் கொஞ்சம் யோசிங்க. அதே மாநிலத்துல அரசுக் கடையிலயே பியர் கிடைக்குது. அக்டோபர்ஃபெஸ்ட்டும் சட்டப்படி நடக்குது. பக்கத்துல கேரளாவுல கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. இங்கயோ மாநில மரம் பனை, அதுல ஏறி சுண்ணாம்பு தடவாத கலயத்தை இறக்கினா குற்றம். போதைதான் பிரச்சினைன்னா ரெண்டும் ஒரே தராசுல நிக்கணும். நிக்கல. ஆலையில பாட்டில்ல அடைச்சா வரி போட முடியும், எண்ண முடியும். மரத்து மேல இருக்கிற கலயத்தை எண்ண முடியாது. எனக்குப் புரிஞ்சவரைக்கும், இதுதான் அடிப்படை வித்தியாசம்.

ம்யூனிக் விழாவுல இன்னிக்கும் அந்த ஊரோட ஆறு மதுபான ஆலைகள்தான் பியர் ஊத்த முடியும். வெளியூர்க்காரனுக்கு இடமில்லை. தன் ஊர்ச் சரக்குக்கு அவங்க கொடுக்குற மரியாதை அது. கள்ளைத் திறந்துவிடணுமா வேண்டாமாங்கிறதை நீங்களே விவாதிச்சுக்கோங்க. ஆனா அடுத்த தடவை தூத்துக்குடி போனா, ரோட்டோரம் ஓலைப்பட்டையில பதநீர் ஊத்துறவர்கிட்ட ஒண்ணு கேளுங்க: "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?" அவர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது இன்னும் ஏறுறாங்களான்னும் கேளுங்க. கள்ளுக்கடை திறந்தாலும் மூடியே இருந்தாலும், ஏற ஆள் இல்லேன்னா பதநீரும் இல்லை, கருப்பட்டியும் இல்லை.