வீட்டுப் பிழியும் கள்ளு நிதியும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இக்காலத்தில் ஒருவகை விழா நடைபெற்று வருகிறது. தம் வீட்டிலேயே பீர் ஆக்குவோர் ஓரிடத்தில் கூடித் தத்தம் ஆக்கத்தைப் பிறர் சுவைக்கத் தருவர். வருவோர் கட்டணம் செலுத்துவர். திரண்ட பணம் ஏதேனும் ஓர் அறப்பணிக்குச் செல்லும். இங்கிலாந்தில் வீட்டில் பீர் ஆக்குவதற்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் வீட்டு ஆக்கத்துக்கு இடமளிக்கும் கூட்டரசுச் சட்டம் 1978இல் கையெழுத்தாயிற்று.

குடியும் அறமும் ஒரே பந்தியில் அமரலாமோ என்று தமிழாசிரியர் கேட்பர். கேட்பது முறையே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் இவ்வினா மேலைநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நம் பழைய இலக்கியத்திலும் நாம் வாழும் கெடா மாநிலத்தின் தோட்ட வரலாற்றிலும் இதற்கு இருவேறு விடைகள் உள. அவற்றை ஒப்பிட்டுக் காண்போம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கமும் ஒன்றாகக் கூறப்படுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் உரைத்தார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் துணிபு. பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களை அருகே கொண்ட மெர்போக் வாசிகளாகிய நமக்கு, இப்புலவர் அயலார் அல்லர்.

அவரே பாடிய மற்றொரு நூல் பெரும்பாணாற்றுப்படை. வறுமையுற்ற பாணன் ஒருவனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துவது அது. வழியில் வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று கூறுமிடத்து, வீட்டுப் பிழியின் செய்முறையையே புலவர் விளக்குகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டுப்பிழாவில் ஆற்றுவர். நல்ல முளையை இடித்து அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுவர். சாடியில் இளமை நீங்கி முற்றியபின் விரலால் அலைத்துப் பிழிவர். நடந்து தளர்ந்த பாணனுக்கு அதனைச் சுட்ட மீனோடு கொடுப்பர்.

இங்கே முளை சேர்ப்பதன் காரணம் கருதத்தக்கது. தானியத்தில் உள்ள மாப்பொருள் தானே மதுவாகாது. முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும். தானியம் முளைவிடும்போது தோன்றும் நொதிகள் அம்மாற்றத்தைச் செய்கின்றன. பின்னர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை மதுவாக்குகிறது. மேலைநாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பீர் ஆக்குவதும் இம்முறையே. தென்னங்கள்ளுக்கு முளை வேண்டுவதில்லை. பாளையில் வடியும் நீரிலேயே சர்க்கரை இருப்பதால், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டால் அது சில மணி நேரத்தில் தானே புளித்துவிடும். ஆகவே வலைஞர் வீட்டுப் பிழி, கள்ளைவிடப் பீருக்கே நெருங்கிய உறவினது எனலாம்.

அப்பிழிக்கு விலை கூறப்படவில்லை. அரிசியும் உழைப்பும் வலைஞருடையவை. பருகுபவன் ஏழைப் பாணன். புறநானூற்றில் அதியமானை இழந்து புலம்பும் ஔவையாரும் இதனையே நினைவுகூர்கிறார். கள் சிறிதளவே கிடைத்தபோது அதனைத் தமக்கே தந்துவிட்டான் என்றும், மிகுதியாகக் கிடைத்தபோது தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்டான் என்றும் அவர் கூறுகிறார். குடி நன்று என்பது இப்பாடலின் கருத்தன்று. தன்னிடம் உள்ளது எதுவாயினும் இரவலனுக்கே முதலிடம் என்பதே கருத்து.

மேலைநாட்டு விழாக்களுக்கும் ஒரு பழைய வேர் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் ஊரார் கொடுத்த தானியத்தைக் கொண்டு தேவாலயத்தின் சார்பில் பீர் ஆக்கி, திருநாளில் விற்று, வரும் பணத்தால் கோயிலைப் பழுதுபார்த்தனர், ஏழைகளுக்கும் உதவினர். தம் பாட்டனார் காலத்தில் ஏழைவரியே இல்லை, அவ்விழாவின் வருவாயே போதுமானதாக இருந்தது என்று பதினேழாம் நூற்றாண்டினரான ஜான் ஆப்ரி எழுதியுள்ளார். தூய்மை வாதிகள் அவ்விழாக்களைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அங்கே கொடுத்தவரும் ஊரார், குடித்தவரும் ஊரார், செலவை முடிவு செய்தவரும் ஊராரே.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் லயங்களுக்கு அருகிலேயே இருந்தன. நிருவாகமே அவற்றை நடத்தியது. விற்பனையின் இலாபம் 'கள்ளு நிதி' என ஒதுக்கப்பட்டுக் கோயில் விழா, விளையாட்டு முதலிய தொழிலாளர் நலன்களுக்குச் செலவிடப்பட்டது. பெயரளவில் இதுவும் குடியால் வளர்ந்த அறமே. ஆனால் கூலியாக வந்த காசு கடைக்குள் போய், அதில் ஒரு பகுதி நன்கொடை என்ற பெயரோடு திரும்பி வந்தது. பிள்ளையின் பாலுக்கு வைத்த காசு தேரின் தோரணமாயிற்று. நிதி வளரவேண்டின் குடி வளரவேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் உள்ளமைப்பு.

இதனை உணர்ந்து எழுந்ததே தொண்டர் படை. உலகப் போர் முடிந்தபின், பீடோங் அருகேயுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை நிலைக்களமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் அது வளர்ந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாடு அதற்கு முன்மாதிரி. தொண்டர்கள் அணிவகுத்தனர், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர், குடித்தவரைத் தண்டிக்கவும் செய்தனர். அத்தண்டனைகளை எல்லாம் இன்று நாம் ஒப்ப வேண்டுவதில்லை. ஆனால் கடையை மூடுக என்று கேட்டவர்கள், எந்நிதியின் பயனாளிகள் என்று சொல்லப்பட்டனரோ அந்தத் தொழிலாளரே என்பதை மறத்தலாகாது. 1947 மார்ச்சில் பீடோங்கில் காவலரோடு மோதல் மூண்டது. ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார். பீடோங் நம் மெர்போக்கிலிருந்து சில கல் தொலைவே.

எனவே குடியால் அறம் நடக்குமா என்ற வினாவுக்கு, முதலில் யாருடைய பொருள் யாருக்கு ஈகையாகிறது என்று பார்த்தே விடை கூறவேண்டும். வலைஞர் தம் சாடியிலிருந்து கொடுத்தனர். கள்ளு நிதியோ ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஏழைக்கே வழங்கியது. முன்னதை விருந்தோம்பல் என்கிறோம். பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

பெரும்பாணாற்றுப்படையின் அவ்வடிகளை நடத்தும் ஆசிரியர்கள், பழந்தமிழர் குடித்தனரே என்று நாணி அவற்றை விரைந்து கடந்துவிட வேண்டா. முளையின் வேதியியலைச் சொல்லலாம். வலைஞரின் கைம்மணத்தையும் சொல்லலாம். கூடவே 1947ஆம் ஆண்டின் கெடாவையும் சொல்லுதல் வேண்டும். கொடைக்கும் கொள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தம் மண்ணிலிருந்தே கற்றுக்கொள்வர்.