ஒரு சின்ன டம்ளர் ரத்தம்

சென்ற ஆண்டு எக்ஸ்ரேயில் என் வலது நுரையீரலில் சிறு நிழல் தெரிந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாள் நர்ஸ் வந்து, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, ஐயா?" என்று கேட்டார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உள்ளதைச் சொன்னேன். ஸ்டென்ட் வைத்தபின் சாப்பிட்டு வரும் குளோபிடோகிரெல்லைச் சொல்லவில்லை. அது இதயத்துக்கு, இது மூச்சுக்கு என்பது என் கணக்கு. கூட இருந்த மகள்தான் சொல்லிவிட்டாள். இதய டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். சோதனை ஒரு வாரம் தள்ளிப்போனது. எனக்கு ஒரே எரிச்சல்.

முப்பது வருடம் கோப்பு புரட்டியவனுக்குச் சும்மா இருக்க வருமா? பள்ளியில் படித்த பிரெஞ்சும் இன்னும் மறக்கவில்லை. இந்தக் குழாயின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

1897-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற டாக்டர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை உலோகக் குழாய் விட்டு எடுத்தார். தொண்டை மரத்துப்போகக் கொக்கெயின் தடவினாராம்! அந்தக் குழாய் வளையாது, ஆனால் அகலமானது. ரத்தம் வந்தால் அதன் வழியே உறிஞ்சலாம், மூச்சும் கொடுக்கலாம்.

1966-ல் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கெடா, கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை அறிமுகப்படுத்தினார். நோயாளிக்குச் சுலபம், நுரையீரலின் கிளைகளுக்குள்ளும் போகும். ஆனால் உறிஞ்சும் துவாரம் மெல்லியது. ரத்தம் அதிகம் வந்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும், பார்வையும் மறையும். அதனால்தான் பழைய உலோகக் குழாயை ஆபத்துக்கு உதவும் என்று இன்றும் வைத்திருக்கிறார்கள்.

நான் அதுவரை அறியாத விஷயம் ஒன்று உண்டு. நம் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஆனால் மூச்சு போய்வரும் குழாய்கள் எல்லாம் சேர்த்து 150 மில்லிதான் கொள்ளும். ஒரு சின்ன டம்ளர் அளவு. கை கால் காயத்தில் ரத்தம் குறைவதால் ஆபத்து. நுரையீரலிலோ, அதற்கு வெகு முன்பே ரத்தம் மூச்சை அடைத்துவிடும்.

ஆகவே முதல் வைத்தியம் நல்ல நுரையீரலைக் காப்பது. ரத்தம் கசியும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். ஐஸ் போன்ற உப்புநீர் விடுவார்கள். சிறு பலூனால் அந்தக் கிளையை அடைப்பதும் உண்டு. அதற்கும் நிற்காவிட்டால்? 1973 வாக்கில் பிரான்சின் லீல் நகரில் ழாக் ரெமி குழுவினர் ஒரு வழி கண்டார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் தமனியை உள்ளிருந்தே அடைத்தார்கள். அதற்கு முன் பலருக்கு நுரையீரலையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து எனக்குச் சோதனை நடந்தது. சதை எடுத்ததும் இருமலில் ரத்தம் வந்தது. "வலது பக்கம் திரும்புங்க ஐயா, அப்படியே இருங்க" என்றார் டாக்டர். ஏன் என்று எனக்குத் தெரியும்; அதனால் பயம் பாதியாயிற்று. சில நிமிடத்தில் நின்றுவிட்டது. முடிவும் நல்லபடியாக வந்தது, பழைய தழும்புதான்.

அந்த மாத்திரையின் வேகம் குறையாமல் சதை எடுத்திருந்தால் அத்தனை சீக்கிரம் நின்றிருக்குமா? இரவில் சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன்.

என் வயது நண்பர்களே, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதிலும் ஆபத்துண்டு. ஆனால் மறைக்கவும் வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். என் சீட்டை என் மகள் எழுதினாள். குளோபிடோகிரெல்தான் முதல் வரி.