நாழிகை வட்டிலும் தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரமும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டியபின், பேராதனைக்கு முன்னதாக, பிலிமத்தலாவை என்னும் ஊரை அடைகின்றது. குத்துவிளக்கும் தட்டமும் செம்பும் பித்தளையில் வார்த்து, செதுக்கி, மெருகேற்றி விற்கும் கைவினைஞரால் பெயர்பெற்ற ஊர் அது. அண்மையிலே 1344ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரை நிற்கின்றது. அதனைக் கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்தியர் என்பது வரலாறு. உலோகத்தையும் கல்லையும் கையால் வசமாக்கும் தொழில் அவ்வட்டாரத்துக்குப் புதியதன்று.

இத்தகைய ஊரிலே ஒருவர், தந்தையோ பாட்டனோ அணிந்து தேய்ந்துபோன ‘ஓட்டோமற்றிக்’ கைக்கடிகாரம் ஒன்றை மேசைமீது பிரித்து வைத்து, ஓய்வு நேரத்தில் அதனைத் திருத்த முயல்கிறார் எனக் கொள்வோம். அவர் கையாளும் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு நூற்றாண்டின் எச்சமாகும். அவ்வரலாற்றில் கண்டி நாட்டுக்கும் எதிர்பாராத பங்கொன்று உண்டு.

1660ஆம் ஆண்டிலே ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் வந்து தங்கியபோது, அதிலிருந்தவர்கள் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டனர். அவர்களுள் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும் அவனுடைய தந்தையும் இருந்தனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் மாண்டார். மைந்தன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தை விட்டு நீங்க இயலாதவனாய் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றும் நெல் வட்டிக்குக் கொடுத்தும் சீவனம் நடத்திய அவன், பிற்காலத்தில் வீடு கட்டிக் குடியிருந்த எலதெத்தை என்னும் ஊர் உடுநுவரைப் பகுதியிலே, பிலிமத்தலாவைக்கு அதிக தொலைவில் இல்லாத இடத்திலே உள்ளது. 1679இல் அவன் தப்பி, அநுராதபுரக் காடுகளின் வழியாக ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1681இல் அவன் எழுதிய இலங்கை வரலாறு இலண்டனில் அச்சேறியது.

அந்நூலிலே, கண்டி நாட்டார் காலத்தை அளந்த முறையை நொக்ஸ் விவரித்துள்ளான். பொதுமக்களிடம் மணிக்கூடு இல்லை. பொழுதை அனுமானத்தாலே அறிந்தனர். மாலை நான்கு மணியளவில் மலர்ந்து காலையிற் குவியும் ஒரு பூவும் அவர்களுக்குக் குறிப்பாக உதவியது. தமிழர் அந்திமந்தாரை என்று அழைப்பது இவ்வகைப் பூவையே. அரசனிடத்தில் மட்டும் ஒரு கருவி இருந்தது. ஏறக்குறைய அரை லீற்றர் கொள்ளும் செம்புக் கிண்ணம் அது. அதன் அடியில் மிக நுண்ணிய துளை. நீர் நிறைந்த மண்பானையில் அதனை மிதக்க விட்டால், துளைவழியே நீர் ஏறி, நிறைந்ததும் அது மூழ்கும். ஒருமுறை மூழ்குவது ஒரு ‘பெய’. பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. இடைவிடாது அதனைக் காத்திருப்பதற்கென்றே அரசன் ஓர் ஆளை நியமித்திருந்தான்.

தமிழருக்கு இக்கருவி அந்நியமானதன்று. நாளை அறுபது நாழிகையாக வகுத்தவர்கள் நம் முன்னோர். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடத்துக்குச் சமம். அதனை அளந்த வட்டிலைக் கன்னல் என்றும் வழங்கினர். பாசறையிலே அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிலே காண்கிறோம். கண்டியின் பெயவும் தமிழரின் நாழிகையும் ஒரே அளவினவே. இன்று சிங்களத்தில் ‘பெய’ என்னும் சொல் 60 நிமிடங் கொண்ட மணித்தியாலத்தைக் குறிக்கின்றது. சொல் நிலைத்தது, அளவு மாறிற்று.

நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். இலண்டன் அரச கழகத்தின் அறிஞர். விற்சுருளின் இயல்பை ஆராய்ந்து, இழுப்பின் அளவுக்கு ஏற்பவே அதன் எதிர்விசையும் அமையும் என்ற விதியை 1678இல் வெளியிட்டவர். கைதியாய் இருந்த மாலுமியிடம் செம்புக் கிண்ணத்தின் கதையைக் கேட்டறிந்த அதே மனிதர், கடிகாரத்தின் உயிர்நாடியாகிய மயிர்வில்லுக்கு உரிமை கோரியவரும் ஆவார். 1675இல் ஒல்லாந்து அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ், சமநிலைச் சில்லோடு சுருள்வில் பொருத்திய கடிகாரத்தைப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். அக்கருத்து முன்னரே தம்முடையது என்று ஹூக் வாதாடினார். தோமஸ் தொம்பியன் என்னும் கைதேர்ந்த கடிகாரக் கம்மியரைக் கொண்டு அரசர் இரண்டாம் சாள்சுக்கு ஒரு கடிகாரம் செய்வித்து, கண்டுபிடித்தவர் தாமே என்பதை அதிற் பொறிக்கவும் செய்தார். எனினும் நடைமுறைக்குரிய வடிவை முதலில் வெளியிட்ட பெருமை ஹைகன்சுக்கே பெரிதும் வழங்கப்படுகின்றது. வழக்கு எவ்வாறாயினும் பயன் உலகுக்கு வாய்த்தது. அதற்குமுன் நாளொன்றுக்கு அரை மணிவரை பிழைத்த கடிகாரங்கள் சில நிமிடப் பிழையோடு ஓடத் தொடங்கின. நிமிட முள்ளுக்கு அப்பொழுதுதான் பொருள் உண்டாயிற்று.

பின்னர் வந்தோர் ஒவ்வோர் இடரைக் களைந்தனர். அச்சுமுனை உலோகத் துளையிற் சுழன்று தேய்வதைத் தடுக்க, மாணிக்கக் கல்லைத் துளைத்துப் பதிக்கும் முறைக்கு 1704இல் இலண்டனிலே உரிமம் பெறப்பட்டது. ‘17 கல்’, ‘21 கல்’ என்று கடிகார முகத்திற் காணப்படுவது அதன் வழிவந்த கணக்கே. 1902இல் ஒகுஸ்த் வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலார் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை அறிவித்தபின், அக்கற்கள் எளிய கடிகாரங்களுக்கும் எட்டின. பற்சில்லை ஒரு பல் ஒரு பல்லாக விடுவிக்கும் நெம்புகோலை தோமஸ் மட்ஜ் என்பவர் 1750களில் அமைத்தார்.

இனி, தானாகச் சாவி ஏறும் முறையைக் காண்போம். அணிபவரின் அசைவாலே ஓர் எடை ஆடி, அவ்வாட்டம் வில்லை முறுக்கும் சட்டைப்பைக் கடிகாரம் 1770களிலேயே தோன்றிவிட்டது. சுவிற்சர்லாந்தின் லெ லொக்கிள் நகரத்து ஏபிரகாம் லூயி பெரலே அதனை ஆக்கியவர் என்பது வழக்கு. பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்து ஹூபேட் சார்ட்டோனுக்கே அப்பெருமை உரியது என்போரும் உளர். ஆயினும் சட்டைப்பையில் நிமிர்ந்து கிடக்கும் கடிகாரத்துக்கு அசைவு குறைவு. ஆதலால் இக்கருத்து நூற்றைம்பது ஆண்டு பரவலாகாது கிடந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின், கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியபோதே அதற்கு வேளை வந்தது.

அவ்வேளையைப் பயன்கொண்டவர் ஜோன் ஹாவூட் என்னும் ஆங்கிலேயக் கடிகாரத் திருத்துநர். சாவித் தலை நுழையும் துளைவழியே தூசியும் ஈரமும் புகுந்து கடிகாரங்கள் கெடுவதை அவர் திருத்தும்போது கண்டார். சாவித் தலையையே நீக்கிவிட்டால் என்ன என்பது அவர் எண்ணம். 1924இல் சுவிற்சர்லாந்து உரிமம் கிடைத்தது. அவருடைய கடிகாரத்தில் எடை முழுவட்டமாகச் சுற்றாது, இருபுறமும் சிறு விற்களில் மோதித் திரும்பியது; முள்ளை நகர்த்த முகவளையத்தையே திருப்ப வேண்டும். பொருளாதார மந்தம் குறுக்கிட்டதால் 1931இல் அவருடைய நிறுவனம் முடிவுற்றது. அதே ஆண்டிலே றோலெக்ஸ் நிறுவனத்தார் முழுவட்டமாகச் சுழலும் எடையைக் கொண்டுவந்தனர். 1948இல் எத்தர்ணா நிறுவனத்தார் அவ்வெடையை ஐந்து சிறு குண்டுகள்மீது சுழலவிட்டுத் தேய்மானத்தைக் குறைத்தனர். 1963இல் யப்பானின் சீக்கோ நிறுவனம் வெளியிட்ட ‘சீக்கோ 5’ வரிசை, இத்தகைய கடிகாரத்தை ஆசியாவின் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டச் செய்தது.

பிலிமத்தலாவையின் மேசைமீது கிடக்கும் தேய்ந்த கடிகாரத்துக்கு மீண்டும் வருவோம். வினாடிக்கு ஐந்து துடிப்பாக ஓடும் கடிகாரம் நாளொன்றுக்கு 4,32,000 முறை துடிக்கின்றது. ஆண்டொன்றுக்குப் பதினைந்து கோடிக்கு மேல். இடையிலே எண்ணெய் உலர்ந்து பிசினாகிவிட்டால், அச்சுமுனைகள் ஈரமற்ற கல்லிலே அரைபடுகின்றன. சுழலும் எடையின் அச்சுத் தளர்ந்தால், எடை சாய்ந்து அடித்தட்டையோ பின்மூடியையோ உராயும். பின்மூடியைத் திறந்தவுடன் வளைவான கீறல்கள் தென்படின் நோய் அதுவே. உராய்விற் பிறந்த உலோகத்தூள் பிற சில்லுகளுக்குள்ளும் விழுந்து கேட்டைப் பரப்பும். கண்டிப் பிரதேசத்தின் மழையும் ஈரமும், இறுகிப்போன இறப்பர் வளையத்தின் வழியே புகுந்து, முகத்தட்டைப் புள்ளியிடச் செய்யும்.

திருத்துவோர் பிரிப்பதற்கு முன் முதன்மை வில்லின் முறுக்கைத் தணித்தல் வேண்டும். இன்றேல் அடங்கிய விசை ஒரு நொடியில் விடுபட்டுப் பற்களை முறிக்கும். கழற்றும் ஒழுங்கை வரைந்து வைத்தல் வேண்டும்; ஒத்த வடிவுள்ள ஆணிகள் நீளத்தில் வேறுபடும். கழுவியபின் எண்ணெய் இடுவதே நுட்பமான பணி. நெம்புகோலின் அச்சுக்கு எண்ணெய் இடுதல் ஆகாது. அதன் கற்களின் முகத்துக்கோ மிகச் சிறு துளி தேவை. வில் அடங்கிய உருளையின் உட்சுவரில் தனிவகைக் கொழுப்புப் பூசவேண்டும். ஏனெனில் தானாகச் சாவி ஏறும் கடிகாரத்தில் வில்லின் வெளிமுனை பூட்டப்படுவதில்லை. முறுக்கு நிறைந்ததும் அது சுவரிலே வழுக்கி விலகும். அளவுக்கு மேல் வழுக்கினால் கடிகாரம் இரவிலே நின்றுவிடும். வழுக்காது பற்றினால் மிகையான விசை ஏறிச் சமநிலைச் சில்லு தறிகெட்டு ஆடும். மயிர்வில்லை விரலாலே தொடுதலும் ஆகாது. அதன் இரு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டாலும், அது காந்தமேறினாலும், கடிகாரம் முந்தி ஓடும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இருளில் ஒளிரும்படி 1960ஆம் ஆண்டுகள் வரை சில கடிகாரங்களின் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதனைத் தூரிகையால் தீட்டிய பெண்கள் பலர் கொடிய நோயுற்று மாண்டனர். ஒளி மங்கினும் ரேடியம் மங்குவதில்லை. அது பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் செல்லும். அப்பூச்சைச் சுரண்டுதல் கூடாது.

இப்பணியில் உண்மையான கேள்வி ஒன்று எழுகின்றது. எதனைப் புதுப்பிப்பது, எதனை விட்டுவைப்பது? தேய்ந்த அச்சையும் உலர்ந்த வில்லையும் மாற்றாவிடில் கடிகாரம் ஓடாது. ஆனால் முகத்தட்டை மறுபடி தீட்டி, கூட்டை மெருகிட்டு மூலைகளை மழுக்கிவிட்டால், நாற்பது ஆண்டு ஒருவர் கையில் உழைத்ததற்குச் சான்று எஞ்சாது. தமிழ்க்குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கம்மியரின் கலையை ஆராய்ந்து 1908இல் பெருநூலொன்றை வெளியிட்டார். அழிந்துவருவது பொருள் மட்டுமன்று, அதனைச் செய்யும் கையின் அறிவும் என்பதே அவர் கவலை. கடிகாரத் திருத்தத்துக்கும் அக்கவலை பொருந்தும்.

இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970ஆம் ஆண்டுகளில், புதிய கடிகாரம் எளிதிற் கிட்டாமையால் பழையதைத் திருத்தி அணிவதே வழக்காயிருந்தது. அதற்குச் சற்று முன், 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆந் தேதி, படிகத் துடிப்பால் ஓடும் முதலாவது கைக்கடிகாரத்தைச் சீக்கோ விற்பனைக்கு விட்டிருந்தது. மலிவான மின்கலக் கடிகாரங்கள் பெருகியதும் சுவிற்சர்லாந்தில் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலையளித்த தொழில், 1980களின் நடுவில் மூன்றிலொரு பங்காகச் சுருங்கிற்று. இந்தியாவிலே 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென 2016இல் அரசு முடிவுசெய்தது. திருத்துநரின் சிறு கண்ணாடிப் பெட்டிகள் தெருவோரங்களிலே அருகிவந்தன.

ஆதலால் ஓய்வு நேரத்திலே ஒருவர் பழைய கடிகாரத்தைப் பிரித்துக் கற்றுக்கொள்வது வீண்பொழுதன்று. நன்கு திருத்திய கடிகாரம் நாளொன்றுக்கு 30 வினாடி பிழைத்தால், பிழை பத்தாயிரத்தில் நான்கு பங்கிலும் குறைவே. படிகக் கடிகாரம் இதனினும் நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்கலம் அணைந்து சுற்று பழுதுபட்டால் அதனைப் பெரும்பாலும் எறிவதே வழக்கம். மற்றையதோ, அறிந்த கையும் ஒரு துளி எண்ணெயும் இருக்கும்வரை பேரப்பிள்ளைக்கும் ஓடும். கண்டி அரசனின் செம்புக் கிண்ணத்துக்குக் காவலாக ஓர் ஆள் எந்நேரமும் விழித்திருக்க வேண்டியிருந்தது. தானாகச் சாவி ஏறும் கடிகாரம் அக்காவலைக் குறைத்ததேயன்றி முற்றாக நீக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து, கழுவி, எண்ணெயிட்டுப் பேணுவோர் இன்றும் தேவை.